அண்ணைக்கு, அந்தத் தாராக்கால் பற்றி

அண்ணை,

நாடகம் போட்டுப் பத்து வருசமாச்சு. திரும்பப் போடச் சொல்லிக் கேக்கினம். ஓமெண்டிட்டன். நீங்கள் எழும்பிப் போன காட்சியைத்தான் இப்ப திருத்திக்கொண்டிருக்கிறன்.

நாங்கள் கோப்பை கழுவின சாப்பாட்டுக் கடையின்ர பேரை எழுதேல்லை, விசாப் பேப்பர் கதையும் வேண்டாம். இதைக் கனபேர் வாசிப்பினம்.

அந்தச் சனிக்கிழமை இரவு. "ஷோ தெவான்", சூடு விலகு எண்டு பிரெஞ்சில கத்திக்கொண்டு சுடுசட்டியோட ஓடினவங்கள் எல்லாம் சிகரட் பத்த வெளியில போயிட்டாங்கள். குசினியில நாங்கள் ரெண்டுபேர்தான். மெசின் கதவைத் தூக்க ஆவி மூஞ்சையில அடிச்சுது. திரும்பி வந்த கோப்பையளுக்குள்ள ஒரு தாராக்கால், கத்தியே படேல்லை. வாளிக்கு மேல கோப்பையைச் சரிச்சனீங்கள், பிறகு நிமித்தினனீங்கள். மணிக்கட்டில சவர்க்கார நுரை அப்பிடியே இருந்தது.

நாடகத்தில நீங்கள் தின்னுறியள், நான் மூலையில நிண்டு கண்கலங்குறன். சனம் சிரிச்சுது. அரைவாசிப்பேர் கோப்பை கழுவிப்போட்டு நேர மண்டபத்துக்கு வந்த ஆக்கள், அவையும் சிரிச்சினம். மூண்டாம் வரிசையில உங்கட மகள்.

என்ர பிழைதான். ஆனா வீட்டில கந்தோர் வேலை எண்டு சொன்னது நானோ? நீங்கள் அவ்வளவு காலமும் சொன்ன பொய்யை நானும் சேர்ந்து காவவேணுமோ? பாரிசில எங்கட ஆக்களின்ர கடைத்தெரு லாச்சப்பல் முழுக்க என்னைக் கதை திருடியெண்டு சொல்லித் திரிஞ்சியளே, அது மட்டும் சரியோ?

ஆர்னல்ட் வெஸ்கரின்ர 'த கிச்சன்' நாடகத்தை இப்பதான் வாசிச்சன். 1959இல லண்டன் றோயல் கோர்ட்டில போட்டது. அந்த மனிசனும் பாரிசில குசினி வேலை செய்தவர். வெறுங்கோப்பை மேடைக்கு வரலாம், சாப்பாடு மட்டும் ஒருக்காலும் வரக்கூடாதாம். சமையல் முழுக்க அபிநயம். நான் என்னெண்டால் உண்மையான தாராக்காலை, அதுவும் சூடாக்கி, மேடைக்குக் கொண்டுவந்தனான். மணம் மூண்டாம் வரிசை வரைக்கும் போயிருக்கும்.

அண்டைக்குக் குசினியில அந்தத் தாராக்காலை நீங்கள் ரெண்டாய்ப் பிச்சனீங்கள். சதைப்பக்கத்தை என்னட்டத் தந்துபோட்டு எலும்போட கிடந்ததை நீங்கள் எடுத்தனீங்கள். அதை நான் எழுதேல்லை. எழுதியிருந்தால் மூலையில நிண்டு அழ எனக்கு ஏலாது.

இந்தமுறை வெறுங்கோப்பை. அதுக்குள்ள ரெண்டுபேரின்ர கை போகும்.

வாறதும் விடுறதும் உங்கட விருப்பம். மகளிட்ட நான் ஒண்டும் கதைக்க மாட்டன்.

தோல் நல்லா முறுகியிருந்தது, அண்ணை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.