ஒரு நொடி முன்னால் கேட்ட துப்பாக்கி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. "18 மாதம் தவம் கிடந்தது அவன் சாவதைப் பார்க்கத்தானா?" என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு மூன்று பக்கமும் அதே கோபம். எனக்கு அது புரிகிறது. 1962இல் டாக்டர் நோ தொடங்கி 24 படங்களில் எதிலும் சாகாத ஜேம்ஸ் பாண்டை 25ஆவது படத்தில் கொன்றுவிட்டார்கள். ஆனால் நோ டைம் டு டை படத்துக்கு அந்த முடிவுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதை இவ்வளவு தாமதித்துப் பார்த்ததும் நல்லதே என்பேன். நீ அடிக்க வருவதற்குள் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 4ஆம் தேதி நினைவிருக்கிறதா? ஏப்ரலில் வரவேண்டிய படத்தைக் கொரோனாவால் நவம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நான்தான் உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலான நாடுகளில் திரையரங்குகள் இன்னும் திறந்துதான் இருந்தன. ஹாலிவுட்டின் பெரிய படம் எதுவும் அப்படிப் பின்வாங்கியிருக்கவில்லை. வசூல் குறைந்துவிடும் என்று பயந்துவிட்டார்கள் என்று கத்தினேன். நீ நிதானமாக, "இரண்டு நாள் முன்னால் ரசிகர்களே தள்ளிவையுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு படத்துக்காக மனிதர்களை ஒரே அறையில் அடைக்கலாமா?" என்று கேட்டாய். இரண்டே வாரத்தில் நீ சொன்னதுதான் நடந்தது. அன்று நியாயத்தின் பக்கம் நின்றவன் நீ. அதனால்தான் இப்போது உன் கோபத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு இரவு. படம் வந்திருக்க வேண்டிய வாரம் அது. ஆளுக்கொரு டிவிடி, ஆளுக்கொரு வீடு, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி டாக்டர் நோவைத் தொடங்கினோம். எத்தனை முறை எண்ணினாலும் உன் படம் என் படத்தைவிட ஒரு நொடி முன்னால்தான் ஓடியது. உன் வீட்டுத் துப்பாக்கி தொலைபேசி வழியாக வெடிக்கும், பிறகு என் திரையில் வெடிக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் அது பழகிவிட்டது. பக்கத்து இருக்கையில் நீ உட்கார்ந்திருப்பதன் அடையாளமாகவே அந்த ஒரு நொடியை எடுத்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது படம் கோல்ட்ஃபிங்கர். அதில் நடித்த ஆனர் பிளாக்மன் அதே ஏப்ரல் 5ஆம் தேதிதான் இறந்திருந்தார். அவர் திரையில் வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

வாரம் ஒன்றாகப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், இந்த வரிசை இதற்கு முன்பும் எத்தனை முறை நின்று போயிருக்கிறது என்பதை உணர்ந்ததுதான். லைசென்ஸ் டு கில் 1989, கோல்டன்ஐ 1995. நமக்கு இடையில் ஒரு வாரம். அந்தக் காலத்து ரசிகர்களுக்கு ஆறு வருடத்துக்கும் மேல். எம்ஜிஎம் படநிறுவனம் கைமாறியதில் எழுந்த வழக்குகளால் எல்லாம் முடங்கின. காத்திருந்து காத்திருந்து 1994இல், பாண்டாக நடித்துவந்த டிமோதி டால்டன் விலகிக்கொண்டார். அதற்குள் பெர்லின் சுவர் இடிந்து, சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. பாண்டுக்கு எதிரியே இல்லை என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஜூடி டென்ச் எம் என்ற உளவுத்துறைத் தலைவியாக வந்து, நீ பனிப்போர் விட்டுச்சென்ற மிச்சம் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே, அந்தக் காட்சிக்கு நீ கைதட்டியது தொலைபேசியில் கேட்டது. 1989க்குப் பிறகு தாமதமில்லாமல் அடுத்த படம் வந்திருந்தால் அந்த வசனத்துக்கு இடமே இருந்திருக்காது. பிறகு 2010இல் எம்ஜிஎம் கடனில் மூழ்கி நின்றபோதும் அடுத்த படம் நின்றது. நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு 2012இல் வந்த ஸ்கைஃபாலை நாம் இருவரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம்.

த ஸ்பை ஹூ லவ்டு மீ கூட அப்படித்தான். தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மன் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேற, முந்தைய படம் வந்து மூன்று வருடம் கழித்து 1977இல் ஆல்பர்ட் பிராக்கலி தனியாளாக நின்று எடுத்த படம். கனடாவின் ஆஸ்கார்ட் மலையிலிருந்து ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு பாய்வதை நாம் கல்லூரி நாட்களில் எப்படிப் பார்த்தோம்! இசை நின்றுவிடுகிறது. அவர் விழுந்துகொண்டே இருக்கிறார். சறுக்குக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. பாராசூட் விரியும்வரை அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. வீட்டுத் திரையில் அதைப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிசப்தம் கிடைக்கவில்லை. ஐந்நூறு பேர் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அப்படி ஒரு நிசப்தம் உண்டாகும். படத்தை இணையத்துக்குக் கொடுத்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தபோது, விற்பனைக்கில்லை என்று எம்ஜிஎம் சொன்னதற்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

ஆக்டோபுஸியைப் பற்றி நீண்ட நேரம் பேசியாயிற்று. உதய்ப்பூர் தெருக்களில் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசும்போது நமக்கு வரும் பெருமிதம் 1983இல் இருந்த அளவுக்கே இன்றும் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ். அதில் பாண்டாக வரும் ஜார்ஜ் லேசன்பிக்கு நடிக்கவே தெரியாது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்தவன் நீ. மே மாதம் அதைப் பார்த்தபோது நம் இருவர் கவனமும் வேறெங்கோ போனது. ஆல்ப்ஸ் மலை உச்சியில் வில்லன் புளோஃபெல்ட் ஒரு வைரஸை வளர்க்கிறான். பயிர்களையும் கால்நடைகளையும் மலடாக்கும் வைரஸ். ஒவ்வாமைக்குச் சிகிச்சை பெற வந்த பெண்களை வசியப்படுத்தி, அவர்கள் கையாலேயே அதை உலகமெங்கும் பரப்பத் திட்டமிடுகிறான். 1969இல் எடுத்த படம். முன்பெல்லாம் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுச் சண்டைக் காட்சிக்குப் போய்விடுவோம். அந்த மே மாதம் நீ ஓட்டவில்லை. நானும் ஓட்டவில்லை.

செப்டம்பர் 10ஆம் தேதி, அந்தப் படத்தில் பாண்டின் மனைவி டிரேசியாக நடித்த டயானா ரிக் இறந்தார். 13ஆம் தேதி வரிசைப்படி ஸ்கைஃபால். நீயே அழைத்து, "இன்று டிரேசியைப் பார்ப்போம்" என்றாய். கடைசிக் காட்சி. கல்யாணம் முடிந்து இருவரும் மலைச்சாலையில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். என் திரையில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் துப்பாக்கி வெடித்துவிட்டது. அந்த ஒரு நொடி முழுக்க, அவள் சாகப்போவது தெரிந்தே அவள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர், எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. அன்றுதான் எனக்கு அது உறைத்தது. உனக்கும் ஏதோ ஆகியிருக்க வேண்டும். "நமக்கு இந்த உலகத்து நேரமெல்லாம் இருக்கிறது" என்று லேசன்பி அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன பிறகு நீ வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் நன்றாகத்தான் நடித்திருக்கிறான்" என்றாய்.

27ஆம் தேதி ஸ்பெக்டரோடு 24 படங்களும் முடிந்தன. ஐந்தாவது நாள், அக்டோபர் 2, படம் மறுபடி தள்ளிப்போனது. அந்தச் செய்தியின் வேகத்தில் சினிவேர்ல்டு நிறுவனம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தன் திரையரங்குகளை எல்லாம் தற்காலிகமாக மூடியது. 45,000 பேரின் வேலை கேள்விக்குறியானது. ஒரு படத்தின் தேதியில் இத்தனை பேர் சோறு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. அதே மாதம் 31ஆம் தேதி ஷான் கானரியும் போய்விட்டார். ஜனவரியில் மூன்றாவது தள்ளிவைப்பு. 2020 பிப்ரவரியில் வெளியான பில்லி ஐலிஷின் பாட்டு 2021 மார்ச்சில் கிராமி விருதே வாங்கிவிட்டது. அந்தப் பாட்டுக்குரிய படம் அப்போதும் பெட்டிக்குள் இருந்தது.

ஏப்ரலில் எனக்குத் தொற்று வந்தது உனக்குத் தெரியும். மாடி அறையில் 14 நாள். இதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. பேத்தி தினமும் காலையில் தன் யானைப் பொம்மையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள், தாத்தாவுக்குத் துணை இருக்கட்டும் என்று. நான் அதைத் தொட்டால் அது அவள் கைக்குத்தானே திரும்பிப் போகும்? கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பேன். ஒரு காது தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டுச் சாத்திவிடுவேன். மாலையில் அவள் வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

இந்த மனதோடுதான் அக்டோபரில் முகக்கவசம் அணிந்து, இருபுறமும் காலி இருக்கைகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். தொட்டால் பரவும் ஆயுதம். ஒருமுறை உடலில் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுதும் போகாது. அது ஏறிய பாண்டு தனக்கு வேண்டியவர்களைத் தொட்டால் அவர்கள் செத்துவிடுவார்கள். படப்பிடிப்பு 2019 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இந்த நோய்க்கு அப்போது பெயர்கூட இல்லை. முதலில் சொன்ன தேதியில் வந்திருந்தால், மூன்ரேக்கரின் விஷவாயுவைப் போல வில்லனின் இன்னொரு தந்திரம் என்று நீயும் நானும் கடந்து போயிருப்போம்.

மகளின் முயல் பொம்மையை பாண்டு எடுத்து, தோள்பட்டை வாரில் செருகிக்கொள்வதை நீ கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தப் பொம்மைதான் மொத்தப் படமும். தப்பித்துப் போனால் உயிரோடு இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தையை ஒருநாளும் தூக்க முடியாது. ஏவுகணைகள் வருகின்றன. பொம்மை அவனோடு இருக்கிறது. குழந்தையின் தாய் மேடலின், "அவளுக்கு உன் கண்கள்" என்று சொல்ல, "தெரியும்" என்கிறான். பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுகிறார். 1969இல் டிரேசிக்காகப் பாடிய அதே பாட்டு. தொலைபேசியில் உன் மௌனத்தைக் கேட்ட அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. 163 நிமிடமும் முடிந்து விளக்கு போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

இறந்தவன் எப்படித் திரும்பி வருவான் என்று, "ஜேம்ஸ் பாண்டு மீண்டும் வருவார்" என்ற கடைசி அறிவிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாண்டைப் படைத்த எழுத்தாளர் ஃபிளெமிங் 1957இலேயே ஒரு நாவலின் கடைசி வரியில் அவனை விஷமேறித் தரையில் சாய்த்துவிட்டார். மறுவருடம் எழுப்பியும் விட்டார். வேறொரு நடிகரோடு வருவான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் நடித்த டேனியல் கிரெய்க்கின் பாண்டுக்குக் கேசினோ ராயலில் ஒரு தொடக்கம் இருந்தது. அவனுக்கு ஒரு முடிவும் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த ஞாயிறு இங்கே வந்துவிடு. இருவரும் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்று. டிரேசியின் படத்தை ஒரே திரையில் பார்ப்போம். இந்த முறை துப்பாக்கி ஒரே தடவைதான் வெடிக்கும்.

அன்புடன்,
ராகவன்