சகாயிங் கப்பலும் உன் அப்பாவின் டொக்யாட் கதைகளும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கூரை வேலை, தங்கச்சி மகளின் கலியாணம் என்று இழுபட்டதில் உட்கார்ந்து எழுத நேரமே வரவில்லை. கலியாணம் நல்லபடி முடிந்தது, உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. இங்கே எல்லோரும் சுகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உட்துறைமுகத்தில் தாழ்ந்து கிடந்த கப்பல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை, 2018 மார்ச்சில் கடற்படை அதை மேலே கிளப்பிவிட்டது. சகாயிங் என்று பெயர், பர்மாவில் உள்ள ஊரின் பெயர்தான். ஹென்டர்சன் கம்பனியின் கப்பல், 450 அடிக்கு மேல் நீளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைக்குக் குண்டு போட்டபோது தீப்பிடித்து, ஆட்கள் கைவிட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் வெள்ளைக்காரன் அதை வேண்டுமென்றே தாழ்த்தி இறங்குதுறையாக ஆக்கிவிட்டான். 2017 செப்டெம்பரில் சுழியோடிகள் இறங்கி, சிதைந்த பக்கங்களைப் பலப்படுத்தி, அடைப்புக் கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து மிதக்க வைக்க ஆறு மாதம் பிடித்தது. அந்தப் பொடியன்களின் வேலையை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கப்பல் கிளம்பிய நேரம் வந்த செய்திகளை எல்லாம் வாசித்தேன். குண்டு விழுந்த நாள் இருக்கிறது, தூக்கிய நாள் இருக்கிறது, நடுவில் 75 வருடம் வெறுமையாகக் கிடக்கிறது. அது கப்பலாக ஓடியது 20 வருடம்கூட இல்லை, மச்சான். மிச்சக் காலம் முழுக்க அது நம்முடைய ஊரில்தான் கிடந்தது. அதில் வள்ளம் கட்டியவர்கள், அதைச் சுற்றித் தூண்டில் போட்டவர்கள், டொக்யாட்டுக்கு, அதுதான் கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்துக்கு, வேலைக்குப் போய் வந்த தமிழர், மலையாளிகள், சிங்களவர், மலாய்க்காரர் இவர்களில் ஒருவருடைய வாயிலிருந்தும் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. உடைந்த கப்பலின் சரித்திரம் அது தாழ்வதோடு முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள், எனக்கு அது அங்கேதான் தொடங்குவதாகத் தெரிகிறது.

வெள்ளைக்காரனின் ஹேர்மிஸ் என்ற போர்க்கப்பலின் கதையையும் பார். விமானம் தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். ஏப்ரல் 8 இரவு, தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து இங்கிருந்து தெற்கே அனுப்பினார்கள், கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் போனது. அடுத்த நாள் திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே ஜப்பான் விமானங்களிடம் மாட்டித் தாழ்ந்தது. விமானம் தாங்கி என்று பெயர், ஆனால் அன்று அதில் பறக்க ஒரு விமானம் இல்லை. 307 பேர் செத்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்தபடியால் 600 பேரளவில் தப்பினார்கள். இப்போது 50 மீற்றருக்கும் கூடின ஆழத்தில் கிடக்கிறது. இந்த 307 பேரையும் நான் நினைத்துப் பார்க்கிறேன், உப்புவெளி யுத்த மயானத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அதே காலையில் சீனன்குடா விமானத் தளத்திலும் துறைமுகத்திலும் செத்த நம்முடைய கூலியாட்களுக்கு அப்படி ஒழுங்காகப் பெயர் பொறித்த கல் எங்கே?

அப்புறம் மிதக்கும் டொக், கப்பலைத் திருத்துவதற்காகத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற மிதவை மேடை. உன் அப்பா அடிக்கடி சொன்னதாக எழுதியிருந்தாயே, அது உண்மைக் கதைதான். 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி வேலியன்ட் என்ற பெரிய போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டு இருந்தபோது, தாங்கிகளில் தண்ணீர் இறைத்ததில் பாரம் சமமாக நிற்காமல் டொக்கே முறிந்து தாழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆனால் அடிப்பக்கம் நல்ல சேதம். எதிரி யாரும் குண்டு போடவில்லை.

போன கிழமை இறக்கக்கண்டிப் பக்கம் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி வீட்டில் ஒரு சாமான் காட்டினார்கள். வலையில் சிக்கி வந்த பித்தளை ஆணி, என் முழங்கை நீளம், தூக்கினால் கை தொய்கிறது. மேலெல்லாம் மட்டி ஒட்டிப் பச்சை பூத்துக் கிடக்கிறது. நட்டைத் தட்டிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மறை புதுசு மாதிரி மஞ்சளாக மின்னுகிறது. எந்தக் கப்பலுடையது என்று அவர் சொல்லவில்லை, எந்த இடம் என்று மட்டும் சொன்னார், அதுவும் கரையில் இரண்டு மரத்தை நேராக வைத்து, பிறகு மலை ஒன்றைப் பார்த்துக் கணக்குப் பிடிக்கிற பழைய முறையில். ஜிபிஎஸ் பெட்டி வைத்திருக்கிறார், ஆனாலும் அதை நம்பி வலை போடமாட்டார். கப்பல் கிடக்கிற இடத்தில் பாரையும் கலவாயும் அடையும், வலையும் கிழியும், அதனால் இரண்டையும் மனதில் வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள். 2003இல் அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் 2,000 வருடப் பழைய கப்பலைக் கண்டுபிடித்ததும் மீனவர்கள்தான், தொல்லியல்காரர் பிறகுதான் வந்தார்கள். அந்த ஆட்களின் தலைக்குள் இருக்கிற வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. இரும்பு உப்புத்தண்ணீரில் நிற்காமல் கரைகிறது, அதற்கு முந்திக்கொண்டு வெடி போட்டுப் பித்தளையையும் செம்பையும் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தகடு பெயர்ந்தால் அதில் ஒட்டியிருந்த பவளமும் மீனும் போகும், உள்ளே எலும்பாகக் கிடக்கும் மனிதர்களுக்கும் மரியாதை போகும். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை தண்ணீருக்குள் 100 வருடம் கிடந்ததைத்தான் மரபுச்சொத்து என்கிறது. 1942இல் தாழ்ந்தவற்றுக்கு 2042 வரை பொறுக்க வேண்டும். அதுவரை அவற்றில் என்ன மிஞ்சும்?

ஆகவே ஒரு வேலை தருகிறேன், மறுக்காதே. 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும் வரை உன் அப்பா டொக்யாட்டில் நின்றவர், அவர் சொன்னதெல்லாம் இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஃபோனில் பதிவு செய். சகாயிங் கப்பலின் மேல் அவர் ஏறியிருக்கிறாரா, அதில் எதை ஏற்றி இறக்கினார்கள், டொக் முறிந்த நாள் கூலியாட்களில் யாருக்காவது ஏதும் நடந்ததா, அதற்குத் தளத்தில் என்ன பேசிக்கொண்டார்கள், குண்டு போட்ட அன்று அம்மா வீட்டார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று கேள். ஆள் பெயர்களை முக்கியமாகக் கேள். இறக்கக்கண்டி, சல்லி, சாம்பல்தீவுப் பக்கத்து வயதான கடல்காரர்களிடம் நான் போகிறேன், ஏற்கெனவே இரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கேட்கும் சக்தி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அதனால் காலையில் கேள், களைப்பில்லாத நேரம். பதிவை வட்ஸ்அப்பில் அனுப்பு, நான் எழுத்தில் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்
திருகோணமலை