வைவா மேசையில் ஒரு தெரியாத சாம்பிளை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு செய்முறைச் சோதனையும் வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்புகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளைகளும் சான்றிதழ் கோப்போடு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வக வேலைக்கு ஆள் எடுக்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மிகச் சிறியது: “1000 பிபிஎம் ஸ்டாக் கரைசல் இருக்கு. 10 பிபிஎம் 100 மில்லி வேணும். எவ்வளவு எடுப்பீங்க?” (பிபிஎம் என்றால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்; ஸ்டாக் என்பது நீர் சேர்த்துப் பயன்படுத்தும் செறிந்த கரைசல்.) நூறு மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும், எனவே விடை 1 மில்லி. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதித் தேறிய மாணவி இந்த இடத்தில் திணறிப்போகிறார். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கரைசலை அவர் தன் கையால் ஒருமுறைகூடத் தயாரித்ததில்லை. கலக்கி வைத்த பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டு டைட்ரேஷன் (தரம் பார்த்தல்) செய்துதான் பழக்கம்.

திறன் பயிற்சி என்றாலே ஒரு நாள் கருத்தரங்கு, ரெஸ்யூமே எழுதும் முறை, நேர்காணலில் உட்காரும் விதம் என்று கல்லூரிகளில் ஆகிவிட்டது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களுக்குப் பல புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் பிப்பெட் பிடிக்கும் கையை எந்த இணையவழிப் படிப்பும் தர முடியாது. அதற்கான இடம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது: நான்காம் பருவத்து ப்ராஜெக்ட். அதைத்தான் வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் கட்டினால் தலைப்பு, முடிவு, வரைபடம், பைண்டிங் எல்லாம் சேர்த்துத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருப்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாலையில் ஆய்வகம் பூட்டப்படுகிறது. அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் உள்ள கிராமங்களுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டால் வீடு சேர முடியாது. ஒரு கைடுக்கு (வழிகாட்டும் ஆசிரியருக்கு) மாணவர்களும் அதிகம். அதனால் சாதாரண நாட்களில் ஒரு மணி, ஒன்றரை மணி என்று துண்டாக்குவதைவிட, பருவத்துக்கு எட்டு சனிக்கிழமைகளை முழு நாளாக ஒதுக்குவதே இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். எட்டு நாள் ஒழுங்காகக் கை வைத்தால் ஒரு பகுப்பாய்வு முறையை முழுதாகக் கற்றுவிடலாம்.

எதைக் கற்பது? நம் மண்ணிலேயே பொருள் கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளும் (தோல் பதனிடும் ஆலைகளும்) பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் நீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியவை. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் வலியுறுத்தியது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த இந்தப் பாலாற்றுப் பகுதி வழக்கில்தான். இதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். 540 நானோமீட்டரில் படிக்கும் ஒரு கலரிமீட்டர், அதாவது கரைசலின் நிறச்செறிவை அளக்கும் கருவி, இருந்தால் குரோமியம் ஆறை (Cr VI, ஆறு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியத்தை) கண்டறியலாம்.

முறையையும் சொல்லிவிடுகிறோம். உலர்த்திய பொட்டாசியம் டைக்ரோமேட் 0.1414 கிராமை எடைபோட்டு 500 மில்லி ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் கரைத்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் குரோமியம் உள்ள ஸ்டாக் கிடைக்கும். அதில் 5 மில்லியை 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைசல் (இனி எல்லாச் செறிவும் லிட்டருக்குத்தான்). இதிலிருந்து 2, 5, 10, 15, 20 மில்லி எடுத்து ஐந்து 100 மில்லி பிளாஸ்க்குகளில் விட வேண்டும். கந்தக அமிலத்தால் பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து, அசிட்டோனில் கரைத்த டைபினைல் கார்பசைடு 2 மில்லி சேர்த்துக் குறிவரை நிரப்ப வேண்டும். கரைசல் செவ்வூதாவாகும். பத்து நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். 0.1 முதல் 1 மில்லிகிராம் வரை ஐந்து புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும். 1 செ.மீ. செல்லில் 1 மில்லிகிராமுக்குக் கருவி காட்டும் ஒளி உறிஞ்சல் அளவீடு சுமார் 0.75 வரும். வெகுவாகக் குறைந்தால் முதலில் கார்பசைடு பாட்டிலைப் பாருங்கள்; நிறம் மாறிப்போயிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

பிழைகள் நடக்கும் இடங்கள்தான் உண்மையான பாடம். பிளாங்க்குக்கு, அதாவது கருவியைப் பூச்சியத்தில் நிறுத்தும் ஒப்பீட்டுக் கரைசலுக்கு, வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்துவிடுவார்கள். அமிலம், கார்பசைடு எல்லாம் சேர்த்த நீர்தான் பிளாங்க். சாம்பிளின் அளவீடு 1.6 என்று வந்தால் அந்த நேர்கோட்டை மேலே நீட்டிக் கணக்குப் போடுவார்கள்; சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி படித்து, அந்த மடங்கால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கலை மறந்துவிடுவது அடுத்த பிழை. குடிநீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம் கோடு தொடங்குவதே 0.1-இல். எனவே கிணற்று நீரில் நிறம் வராவிட்டால் ‘குரோமியம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘0.1-க்குக் கீழ்’ என்றுதான் எழுதலாம். இந்த ஒரு வரியைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு ஆய்வகங்களில் மதிப்பு தனி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது ‘பேசிக் குரோமியம் சல்பேட்’ என்ற உப்பு. அதில் இருப்பது குரோமியம் மூன்று (Cr III). கார்பசைடோ குரோமியம் ஆறோடு மட்டுமே நிறம் தரும். ஷாப்புக் கழிவுநீரை அப்படியே சோதித்தால் பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும் நீரிலும் பூச்சியம் வரும். அமிலத்தில் செரித்து, பெர்மாங்கனேட்டால் ஆறாக மாற்றி, மிஞ்சிய பெர்மாங்கனேட்டை நீக்கிய பிறகுதான் மொத்தக் குரோமியம் தெரியும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இதற்கு நேர்மாறு. அங்கே கவலையே குரோமியம் ஆறுதான். சாம்பிளைப் பிடிக்கும் பாட்டிலிலேயே இந்த வேறுபாடு தொடங்குகிறது. மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டு எடுத்துவர வேண்டும். ஆறுக்கான சாம்பிளில் அமிலம் விட்டால் நீரிலுள்ள கரிமப் பொருள் அதை வழியிலேயே மூன்றாக ஒடுக்கிவிடும். அதற்குக் காரத்தன்மையில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும்.

நீரிலுள்ள கரிம மாசின் அளவைக் காட்டும் சிஓடி சோதனையிலும் இப்படித்தான். உப்பிட்ட தோலிலிருந்து வரும் குளோரைடு, அச்சோதனையில் சேர்க்கும் டைக்ரோமேட்டைத் தின்று அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதனால் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்கிறோம். அந்தப் பாதரசக் கழிவை சிங்க்கில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்ப்பதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். குரோமியக் கழிவுக்கும் அதே விதிதான்.

இப்போது எங்கள் கோரிக்கை. பைண்டு செய்த புத்தகத்தைப் புரட்டி மதிப்பெண் போடுவதைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு மாற்ற வேண்டும். வைவா அன்று ஒவ்வொரு மாணவருக்கும் அளவு தெரியாத ஒரு சாம்பிள் கொடுங்கள். 0.6 மில்லிகிராம் என்று எக்ஸ்டர்னலுக்கு (வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு) மட்டும் தெரிந்திருக்கட்டும். மூன்று மணி நேரத்தில் மாணவர் தன் கோட்டைப் போட்டு, இரண்டு முறை படித்து, விடை சொல்ல வேண்டும். 10 சதவீதத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண். நூற்றில் இதற்கு 40, ஆய்வு நோட்டுக்கு 30, அறிக்கைக்கும் கேள்விக்கும் 30 என்று பிரிக்கலாம். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் இந்த மேசையில் ஒரு நிமிடமும் நிற்காது.

நோட்டு என்றால் பக்க எண் இட்ட, தைத்த நோட்டு. பேனாவால் அன்றன்றே எழுத வேண்டும். தவறை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் போட வேண்டும், ஒயிட்னர் கூடாது. தராசு காட்டியது 0.1419 என்றால் 0.1419 என்றே எழுதி, அதைக் கொண்டே செறிவைக் கணக்கிட வேண்டும். மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்கும் ஒழுக்கம் இதுதான். ரெஸ்யூமேயில் நான்கு பக்கம் நிரப்புவதற்குப் பதில், ‘குரோமியம் ஆறு, ஐந்து புள்ளிக் கோடு, 48 சாம்பிள், ஒவ்வொன்றும் இரண்டு முறை’ என்று ஒரு வரி எழுதட்டும். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகள்கூட, தாங்களே செய்த முறையை ஆறு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை எழுதுகிறவர்கள் வேதியியல் தாளில் 120 கேள்விகளில் 75-க்கு மட்டுமே விடையளித்தால் போதும் என்பதையும், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும் என்பதையும் முதலில் மனதில் வைக்க வேண்டும். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். 2024 முதல் ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்று ஒரு தனிப் பிரிவும் இருக்கிறது. அதில் தேறியவர் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெற்றதாக நினைத்து ஏமாறக் கூடாது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்கள் பி.எட். வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கணக்கில் கொள்ளட்டும்.

வேதியியலை விரித்துச் சொன்னது எங்களுக்குத் தெரிந்த துறை என்பதால். தமிழ், வரலாறு முதுகலைக்கும் இதே வழி பொருந்தும். வள்ளிமலையும் வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் பக்கத்திலேயே இருக்கும்போது, உரிய அனுமதியோடு ஒரு கல்வெட்டை மைப்படி (மை ஒற்றித் தாளில் எடுக்கும் படி) எடுத்துப் படிக்க வைத்து மதிப்பெண் போடலாமே.

கூடுதல் செலவு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. 25 மாணவர்களுக்கு எட்டு சனிக்கிழமைக்கும் சேர்த்து டைக்ரோமேட் சில கிராம்தான் தேவைப்படும். ஆய்வக உதவியாளருக்கு அந்த எட்டு நாளுக்கு மாற்று விடுப்பு தர வேண்டும்; முதல்வர்கள் இதை மறந்துவிட்டால் மூன்றாம் சனிக்கிழமையே கதவு பூட்டியிருக்கும். வரும் நான்காம் பருவத்துக்கு முன்பே தேதிகளை அறிவித்தால், மாணவர்கள் பகுதிநேர வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர முடியும்.

இப்படிக்கு,
வேதியியல் முதுகலை ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி.