ஒன்பது விரலால் ஒரு கடிதம்

டெல்ஃப்ட், நெதர்லாந்து
புதன், இரவு 11 மணி

அன்புள்ள மாலு,

முதலில் ஒரு சத்தியம் பண்ணு. இந்தக் கடிதத்தில் இருக்கிற எதுவும் எங்கள் அம்மா காதுக்குப் போகக் கூடாது. முடி வெட்டிக்கொண்ட விஷயத்தில் செய்த மாதிரி, "ஆன்ட்டி, உங்களுக்கு இன்னுமா தெரியாது?" என்று ஆரம்பித்தாய் என்றால் அத்தோடு உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

நான் நலம். நீ, அண்ணா, குட்டிப்பயல் எல்லோரும் நலம்தானே? அவனுக்கு மேல்பல் வந்துவிட்டதா? சரி, விசாரிப்பு முடிந்தது.

என் வலது கை மோதிர விரலின் நுனி தொங்கிவிட்டது. பதறாதே, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது. நுனியை நிமிர்த்திப் பிடித்திருக்கிற தசைநாண் ஒன்று அறுந்துவிட்டதாம். வலிகூடப் பெரிதாக இல்லை. நிமிரடா என்கிறேன், நிமிர மாட்டேன் என்கிறது. பி.டி. மிஸ் முன்னால் நிற்கிற ஃபாத்திமா மாதிரி தலையைக் குனிந்தே நிற்கிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள். 6 வாரம், ராத்திரி பகல் கழற்றக் கூடாது. இதில் கொடுமை என்ன தெரியுமா? நடுவில் ஒரே ஒரு தடவை நுனி மடங்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. தொப்பியைக் கழுவ வேண்டுமென்றால் விரலை மேசை விளிம்பில் தட்டையாக அழுத்திவைத்துக்கொண்டு, இடது கையாலேயே உருவி, சோப்புப் போட்டு, துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். போன வாரம் இதில் பாதியில் இருக்கும்போது தும்மல் வந்தது. மூக்கைத் தோளில் தேய்த்து, மூச்சைப் பிடித்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, விரலை மட்டும் அசைக்காமல் நின்றேன். இன்றோடு 23 நாள். இன்னும் 19.

அம்மாவோடு வீடியோவில் பேசும்போது வலது கை கேமராவுக்குக் கீழேயே இருக்கும். "ஏண்டி ஒத்தக் கையாலேயே பேசறே?" என்று நேற்றுக் கேட்டுவிட்டாள். சார்ஜரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரே ஒரு புண்ணியம், என் சைக்கிளுக்குக் கைப்பிரேக் கிடையாது. இங்கே நிறைய சைக்கிள்கள் அப்படித்தான்; பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நின்றுவிடும்.

எப்படி அறுந்தது என்றுதானே கேட்கிறாய்? விளையாடி. சிரிக்காதே. நான், உங்கள் குள்ள ஸ்டூல், விளையாடி.

லேப்பில் என் பக்கத்து மேசைக்காரிதான் இழுத்துவிட்டாள். "எங்கள் 4ஆவது டீமில் பெண்கள் குறைகிறார்கள், செவ்வாய்க்கிழமை வருகிறாயா?" என்றாள். என்ன ஆட்டம் என்றேன். கோர்ஃப்பால் என்றாள். கோர்ஃப் என்றால் டச்சில் கூடை. ஆகமொத்தம் தமிழில் சொன்னால் கூடைப்பந்து. ஆனால் கூடைப்பந்து இல்லை. எனக்கு உயரம் போதாது என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு (அவளால் வேறு எப்படிப் பார்க்க முடியும்?) "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றாள். உலகத்திலேயே உயரமான ஜனங்கள் இவர்கள்தான் மாலு. பஸ் ஸ்டாப்பில் நின்றாலே தென்னந்தோப்புக்குள் தொலைந்த மாதிரி இருக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உயரம் ஒன்றும் இல்லை என்கிறாளே, சரி, பொய்யா மெய்யா பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன்.

போய் அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் அடி இல்லாத ஒரு கூடை, 3.5 மீட்டர் உயரத்தில். நம் கல்லூரி பாஸ்கெட்பால் வளையம் 3.05 மீட்டர், அதற்கே என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதல்லவா? இதில் பின்னால் பலகைகூட இல்லை. பந்து தவறினால் தவறியதுதான். கம்பமும் ஓரத்தில் நிற்காது, மைதானத்துக்குள்ளே தள்ளி நிற்கும். அதனால் சுற்றிலும் எந்தப் பக்கத்திலிருந்தும் போடலாம்.

இப்போது கேள். ஒரு டீமில் 8 பேர். அதில் 4 பெண், 4 ஆண். கட்டாயம். மைதானத்தின் ஒரு பாதியில் 2 பெண்ணும் 2 ஆணும் தாக்கப் போவார்கள், மற்ற நாலு பேர் மறுபாதியில் தடுப்பார்கள். பெண்ணைப் பெண்தான் மறிக்க வேண்டும், ஆணை ஆண்தான். பந்தோடு ஓடக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டு போகக் கூடாது, இடித்துத் தள்ளக் கூடாது. 2 கோல் விழுந்ததும் எல்லோருக்கும் வேலை மாறும். தாக்கிக்கொண்டிருந்தவர்கள் தடுக்கப் போக வேண்டும், தடுத்தவர்கள் தாக்க. "நான் கோல் போடுகிறவள், தடுப்பதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் பட்டா போட்டு உட்கார முடியாது. நம் ராஜியை இங்கே கொண்டுவந்து விட்டால் 10 நிமிஷத்தில் அழுதுவிடுவாள்.

இதைக் கண்டுபிடித்தவர் நிக்கோ புரூக்ஹாய்சன் என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு பள்ளி ஆசிரியர். 1902இல். ஸ்வீடனுக்கு ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் வளையத்துக்குள் பந்து போடுகிற ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, வளையத்துக்குப் பதில் கூடையைக் கட்டி, பையன்களையும் பெண்களையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பாம். பெண்களின் கணுக்காலும் முட்டியும் தெரிகிறது என்று! நம் ஸ்போர்ட்ஸ் டேயில் டிராக் பேண்ட் விவகாரத்துக்கு வார்டன் போட்ட கூச்சல் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். 1920இலும் 1928இலும் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டியிருக்கிறார்கள், அதோடு சரி. உலகக் கோப்பை 1978இல் ஆரம்பித்தது. 1991இல் ஒரு தடவை பெல்ஜியம் தட்டிக்கொண்டு போனதைத் தவிர எல்லாவற்றையும் இந்த டச்சுக்காரர்களே வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற கூட்டம். இந்தியாவுக்கும் ஒரு டீம் இருக்கிறது, தெரியுமா? எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

ஆனால் என்னை மயக்கியது வேறு ஒரு விதி. நீ பந்தை வைத்திருக்கிறாய், உன்னை மறிக்கிறவள் உனக்கும் கம்பத்துக்கும் நடுவில், கைக்கு எட்டுகிற தூரத்தில், உன்னைப் பார்த்து, கையைத் தூக்கி நின்றுவிட்டாள் என்று வை. நீ கூடையைப் பார்த்துப் போடவே கூடாது. போட்டால் நடுவர் ஊதிவிட்டு ஒரு வார்த்தை கத்துவார். மறிக்கப்பட்டாய் என்று அர்த்தம். "ஃபெர்டேடெஃட்" என்று எழுதலாம், ஆனால் அந்தக் கடைசி ஃ இருக்கிறதே, அது அடித்தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி வரும். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா ஆய்த எழுத்தைச் சொல்லிக்காட்டத் தவித்ததெல்லாம் வீண். டெல்ஃப்ட்டுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

இந்த விதி என்ன செய்கிறது பார். எனக்கு எதிரே நிற்கிறவளின் முழங்கை என் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் என் கதை அங்கேயே முடிந்தது. இதில் அவள் எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, கிட்டே நின்றால் போதும். ஆகவே நான் அவளைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவளிடமிருந்து ஒன்றரை அடி விலகினால் போதும். இப்படிப் போகிற மாதிரி போய்ச் சட்டென்று அப்படித் திரும்பினால், உயரமானவர்களுக்குத் திரும்ப நேரமாகிறதடி! லாரி யு-டர்ன் அடிக்கிற மாதிரி. அந்த இடைவெளியில் பந்து என் கைக்கு வந்துவிட்டால் நான் ராணி.

ராணி என்றால், 4 மாதத்தில் மொத்தம் 3 கோல். அதில் முதல் கோலை மட்டும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கம்பத்துக்கு அடியில் எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு நிற்கிறான். நான் வெளியிலிருந்து கம்பத்தைப் பார்த்து ஓடுகிறேன், என் லாரி ஒரு அடி பின்தங்கி வருகிறது. அவன் பந்தை என் வயிற்று உயரத்துக்கு மெதுவாக நீட்டி விடுகிறான். ஓடுகிற ஓட்டத்திலேயே வாங்கி, குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடுவோமே, அப்படி இரண்டு கையாலும் கீழிருந்து மேலே விட வேண்டும். விட்டேன். பந்து கூடையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கூடைக்கு அடி இல்லை என்று சொன்னேன் அல்லவா? உள்ளே விழுந்து நேராக என் மூஞ்சியில் விழுந்தது. கோல் போட்டவளுக்கு மூக்கில் ரத்தம். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், நான் அவர்கள் சட்டையெல்லாம் கறையாக்கினேன்.

சரி. இனிமேல்தான் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம்.

3 வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை மேட்ச். நாங்கள் தடுக்கிற பக்கம். எதிராளி போட்டது கூடையில் படாமல் மேலே எகிறி, எனக்கும் லேப்காரிக்கும் நடுவில் இறங்கியது. அவள் எடுப்பாள் என்று நான் நின்றேன், நான் எடுப்பேன் என்று அவள் நின்றாள். எதிராளி வந்து எடுத்துப் போட்டுவிட்டான். கோல். உண்மையில் அது என் பந்து, என் பக்கம்தான் கிட்ட. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் உடனே கையைத் தூக்கி "மைன் ஃபௌட்" என்றாள். என் தப்பு என்று அர்த்தம். ஒரு விநாடி. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் அவளை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் கால் நகரவில்லை மாலு. நான் அங்கே இல்லை. நம் த்ரோபால் ஃபைனலில், மூணாவது செட்டில் இருந்தேன். 14-13, சர்வீஸ் அவர்களுடையது.

நீ அந்தப் பந்தை என்ன நினைத்துவைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நாம் பேசினதே இல்லை. உனக்கும் எனக்கும் நடுவில் விழுந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஃபவுல், அதனால்தான் தயங்கினார்கள் என்றுகூடச் சிலர் சமாதானம் சொன்னார்கள். பி.டி. மிஸ் மட்டும் "கேப்டன் எதுக்கு இருக்கா?" என்று உன்னைப் பார்த்துக் கத்தினார். நடுவில் எல்லாம் விழவில்லையடி. என் வலது காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. நான் பார்த்தேன். வருகிறபோதே பார்த்தேன். வரக் கூடாது, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். அந்த சீசன் முழுக்க நான் அப்படித்தான் ஆடினேன், உன் முதுகுக்குப் பின்னால். நீ ஓடி ஓடிப் பிடிப்பாய், நான் "சூப்பர் மாலு" என்று கத்துவேன். அன்றைக்கு உனக்கு எட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

யுனிவர்சிட்டி டீம் லிஸ்டில் உன் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. நானும் போனேன். 3 நாளும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து, அங்கே சாப்பாடு எப்படி இருந்தது என்று உனக்குக் கதை சொன்னேன். நீயும் கேட்டாய்.

அந்த யோசனையில் மரம் மாதிரி நின்றபோதுதான் எங்கள் ஆளே பந்தை என் பக்கம் வீசினான். பார்க்காமல் கையை நீட்டினேன். விரல் நுனியில் நேராக வந்து குத்தியது. ஆக, என் விரல் போனதற்குக் காரணம் நீதான், நஷ்டஈடு தயார் பண்ணி வை.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பரில் அந்த ஃபைனல் போட்டோவை அனுப்பியிருந்தாய், உன் ஊரில் ராத்திரி 1.40க்கு. கீழே "பந்தைத் தொட்டே மூணு வருஷம் ஆச்சு" என்று ஒரு வரி. நான் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டேன். இதயம்! அப்புறம் தினமும் அந்தச் செய்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். 1.40க்கு ஏன் முழித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். பயல் தூங்கவில்லையா, நீ தூங்கவில்லையா? இப்போது கேட்கிறேன். சும்மா அனுப்பினேன் என்று மட்டும் எழுதாதே, எனக்கு உன்னைத் தெரியும்.

பந்து விஷயத்துக்கு நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். கத்த வேண்டுமென்றால் ஃபோன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பண்ணு. சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது. விரலை வைத்துக்கொண்டு ஆட முடியாது, ஆனால் ஸ்கோர் பலகையைத் திருப்புகிற வேலை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். போன தடவை எதிராளி கோலை எங்கள் கணக்கில் ஏற்றிவிட்டேன், நடுவரே வந்து மாற்றினார்.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
ஸ்டூல்
(இன்னும் அதே உயரம்தான்)