உள்ளரங்கக் கால்பந்து அணி கடற்கரைப் பையன்களையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் ஃபுட்சால், அதாவது உள்ளரங்கக் கால்பந்து, அணி ஒன்று தொடங்கியிருக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. நம்ம மாவட்டத்துக்கென்று ஒரு அணி, கூரை போட்ட அரங்கம், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். முதல் ஆட்டத்துக்கே போய்த் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தேன். ஆனாலும் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று எங்கள் கடற்கரை முழுக்கப் பந்து பைத்தியம் பிடித்த ஊர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் பையன்கள் அப்போதுதான் மொத்தமாக வீட்டில் இருப்பார்கள், ஆனால் அதே இரண்டு மாதம்தான் இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் கடல் சீற்றமும். கரையில் விளையாட மணலே இருக்காது, இருந்த மணலையும் வருடாவருடம் கடல் அரித்துக்கொண்டு போகிறது, மிச்ச இடத்தில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டாயிற்று. நான் சின்ன வயதில் பக்கத்துக்குப் பதினொரு பேராக லெவன்ஸ் ஆடிய இடத்தில் இன்று ஐந்து பேராக ஃபைவ்ஸ் ஆடவே இடம் போதாது. அப்படிப்பட்ட ஊருக்கு மழையில் நனையாத ஒரு தளம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆட்டமும் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், பாதிக்கு இருபது நிமிடம், பந்து வெளியே போனால் கடிகாரமே நின்றுவிடும், அதனால் நேரத்தைக் கடத்த வழியில்லை. கோலி தன் பாதியில் பந்தை நாலு வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரு பாதியில் ஐந்து ஃபவுல் தாண்டினால், ஆறாவதிலிருந்து எதிரணிக்கு நேரடி உதை, குறுக்கே ஆட்கள் சுவராக நின்று தடுக்க முடியாது. பந்து கொஞ்சம் சின்னது, துள்ளாது. மணலில் பந்து உருளாது என்பதால் எங்கள் பையன்கள் அதைத் தூக்கித் தூக்கியே விளையாடிப் பழகியவர்கள், இங்கே உள்ளங்காலால் மிதித்து நிறுத்தி, உடம்பைத் திருப்பி, பெருவிரல் நுனியால் ஒரு குத்து. எதிரணியின் எட்டாம் நம்பர் பையன் அப்படி ஒரு கோல் அடித்தான் பாருங்கள், காலைப் பின்னால் கொண்டுபோகவே இல்லை, கோலி அசைவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. நம்ம அணிக்கு எதிராக விழுந்த கோல்தான், ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினேன். பிரேசில்காரர்கள் இதை விளையாடித்தான் காலைப் பழக்குகிறார்கள் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சரி, உறுத்தல் என்னவென்றால், அந்த அணியில் கடற்கரைப் பையன் ஒருவன்கூட இல்லை. மலப்புறத்திலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் ஆள் எடுத்திருக்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் துளியும் கிடையாது, அவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளத்துக்கு மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபிக்கு எத்தனையோ ஆட்டக்காரர்களைக் கொடுத்த ஊர். அவர்கள் டூர்னமெண்டில் நாங்கள் ஆடுவோம், எங்கள் டூர்னமெண்டில் அவர்கள் ஆடுவார்கள், பந்து விஷயத்தில் எங்களுக்கு எல்லைக்கோடு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் ஆள் தேர்வை ஒரு வேலை நாளில், உள்ளரங்க ஷூவோடு வரவேண்டும், பதிவுக் கட்டணம் கட்டவேண்டும் என்று வைத்தால் எங்கள் ஊரிலிருந்து யார் வருவார்கள்? பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். மீதிப் பேரிடம் அந்த ஷூ இல்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் கடன் வாங்கிய ஷூவோடு போய், பத்து நிமிடம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று திரும்பி வந்தான். பத்து நிமிடத்தில் மணல் கால் தரைக்குப் பழகுமா?

எங்கள் பையன்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி என்ற கால்பந்து அணிக்கு ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போனவர். 2018-19இல் சென்னை சிட்டி தேசிய அளவிலான ஐ-லீக் கோப்பையை வென்றபோதும் அந்த அணியில் நம்ம மாவட்டத்துப் பையன்கள் இருந்தார்கள். அப்புறம் சில வருடத்திலேயே அந்த அணி லீக்கில் இல்லாமல் போனது. 2016இல் சென்னை நேரு உள்ளரங்கத்தில் பிரீமியர் ஃபுட்சால் என்று ஒரு போட்டி வைத்து, பிரேசில் நட்சத்திரங்களான ரொனால்டினோவையும் ஃபால்கோவையும் இறக்கினார்கள், ராத்திரி முழித்திருந்து டிவியில் பார்த்தோம், அடுத்த வருடம் இன்னொரு தடவை நடந்தது, அதோடு முடிந்தது. பெரிய பணத்தோடு வந்தவர்களுக்கே அந்தக் கதி. இந்த அணியும் அப்படிப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் சொல்கிறேன். உள்ளூர்ப் பையன் ஒருவன் ஆடினால் அவன் தெருவே பஸ் பிடித்து வரும், அணி தோற்றாலும் வரும். இப்போது அரங்கத்தில் நான் பார்த்த கூட்டம் பாட்டுக்கும் லைட்டுக்கும் வந்த கூட்டம், அது எத்தனை மாதம் நிற்கும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அணியை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். அடுத்த தேர்வைத் தடைக்காலத்தில் வையுங்கள், கட்டணம் வேண்டாம், அரங்கத்தில் பத்து ஜோடி ஷூ வாங்கிப் போடுங்கள். அதற்கு முன்னால் பயிற்சியாளரை ஒரு சாயங்காலம் வள்ளவிளைக்கோ தூத்தூருக்கோ அனுப்பி, பையன்கள் மணலில் ஆடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. வரும் சனிக்கிழமை அரங்க ஆட்டம் ஐந்து மணிக்கு என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதே நேரத்தில்தான் எங்கள் ஊரில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் அரையிறுதி. அரங்கத்தில்தான் லைட் இருக்கிறதே, ஏழரைக்கு மாற்றினால் செவன்ஸ் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வேன் பிடித்து அங்கே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகன்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.