கட்டிங்கை மட்டும் ஏன் சொல்லித் தரவில்லை?

ஆசிரியருக்கு ஸலாமும் வணக்கமும்.

போன இதழில் பெண்களுக்கான இலவசத் தொழிற்பயிற்சி பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சான்றிதழும் தையல் மெஷினும் கொடுத்துப் போட்டோ எடுத்ததோடு முடித்துவிட்டீர்கள். எங்கள் பாடு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நான் கூத்தாநல்லூர் பக்கம். கணவர் மௌத்தாகி, இத்தா என்னும் துக்கக் காத்திருப்புக் காலம் முடிந்ததும் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனேன். மெஷினை ஜகாத் என்னும் கடமையான தர்மப் பணத்தில் வாங்கித் தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். பிறகு டவுனில் ஒரு கடையில் தைக்கும் துணிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குச் சேர்ந்தேன். ஒரு சுடிதாருக்கு எனக்கு 90 ரூபாய், பக்கத்து மெஷின் தம்பிக்கு 130. இரண்டு பேருக்கும் ஒரே துணி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிப்பதும் ஒரே மெஷினில்தான். இதில் கழுத்துக்கு பைப்பிங் வைக்க அவருக்குச் சரியாக வராது, சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளிவிடுவார். முதலாளியிடம் கேட்டேன். "அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும்லம்மா" என்றார். எனக்கு மூன்று பிள்ளைகள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதையே மார்க்கத்தின் பெயரிலும் சொல்கிறார்கள், அதுதான் வருத்தம். குடும்பச் செலவு ஆண் மேல் கடமை, சரி. அது கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் உள்ள கணக்கு, அதைக் காட்டிக் கடைக்காரர் எப்படி என் கூலியைப் பிடிக்கலாம்? ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு என்று குர்ஆனில் சூரத்துன் நிஸா அத்தியாயத்தின் 32-ஆவது வசனம் சொல்கிறது. நபிகளாரின் மனைவி அன்னை ஜைனப் தோல் பதனிட்டுத் தைத்து, அந்த வருமானத்தை தர்மம் செய்ததைப் மார்க்கப் பயானில் உருகி உருகிக் கேட்கிறோம். நாட்டுச் சட்டமும் 1976-லேயே சம வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்லிவிட்டது. ஆனால் இங்கே வயலில் இறங்கிப் பாருங்கள், நாள் முழுக்கக் குனிந்து நடவு நடும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு வேறு கூலி. கேட்டால் அது காலங்காலமாக உள்ள வழக்கமாம்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், கட்டிங் சொல்லித் தரவில்லை. அளவெடுப்பது, சாக்பீஸால் கோடு போடுவது, மூன்று மீட்டர் துணியில் எதை எங்கே வெட்டினால் மிச்சமாகும் என்பது, தையலுக்கு ரேட் பேசுவது, எதுவுமே கிடையாது. கடையில் அதிகச் சம்பளம் கட்டிங் மாஸ்டருக்குத்தான், நான் பார்த்த மாஸ்டர் எல்லாம் ஆண்கள். அப்படியென்றால் எங்களுக்குக் குறைந்த கூலி என்பது பயிற்சி அறையிலேயே முடிவாகிவிடுகிறது. இதே ஊரில் பையன்களை ஏசி மெக்கானிக்குக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அனுப்புகிறோம், பெண் பிள்ளைகள் என்றால் தையல், மருதாணி, அத்தோடு சரி.

ஒரு நாட்டை வருமானத்தோடு படிப்பையும் ஆயுளையும் வைத்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டை 1990-ல் கொண்டுவந்தவர் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூபுல் ஹக் என்று நம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறார்கள். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளைப் பெருக்குவதுதான் வளர்ச்சி என்றவர் அவர். எனக்கு இருந்த வாய்ப்பு 90 ரூபாய்க்குத் தைப்பது, இல்லையென்றால் வீட்டுக்குப் போவது.

நான் வீட்டுக்கே வந்துவிட்டேன். இப்போது பழைய புடவைகளை விரித்துப்போட்டு நானே வெட்டிப் பழகுகிறேன், இதுவரை இரண்டு புடவை பாழ். அடுத்த வகுப்பு தொடங்கும்போது கட்டிங்கையும் சேருங்கள் என்று பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதரஸா யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட் போடுங்கள் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூத்தாநல்லூர்