லேன் கேபிள் போட்டும் படம் நின்று நின்று ஓடுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவிக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை போன்ற ஒரு குட்டிக் கணினியை வைத்து, அதில் படம் ஓட்டும் 'கோடி' மென்பொருளைப் போட்டு, இன்னொரு அறையில் இருக்கும் கணினியிலிருந்தோ நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலிருந்தோ படம் பார்க்கும் வீடுகள் பெருகிவிட்டன. "வைஃபை சரிப்படவில்லை என்று கேபிளே இழுத்துவிட்டோம், அப்படியும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது" என்று கேட்பவர்களுக்கு, இன்டர்நெட் பிளானை உயர்த்துங்கள் என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கிறது. அது தவறான பதில். வீட்டுக்குள் இருக்கும் கணினியிலிருந்து வரும் படம் இன்டர்நெட் பக்கமே போவதில்லை. ரூட்டர் அல்லது சுவிட்ச் வரை வந்து அங்கிருந்தே டிவி பக்கம் திரும்பிவிடுகிறது. பிளானுக்கு இரண்டு மடங்கு பணம் கட்டினாலும் இந்தச் சுற்றல் நிற்காது.

செய்ய வேண்டியது வேகத்தை அளப்பது. ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் இதற்கு உதவாது, அவை வெளி இணைப்பை அளப்பவை. ஒரு கோப்பை டிவி பக்கத்துப் பெட்டிக்குள் நகலெடுத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். அப்போது தெரிவது பெட்டியில் இருக்கும் எஸ்டி கார்டின் எழுதும் வேகமாக இருக்கலாம். 'ஐபெர்ஃப்3' என்ற இலவசக் கருவி டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். படம் இருக்கும் கணினியில் அதை 'எஸ்' ஆப்ஷனோடு ஓடவிடுங்கள். பெட்டியில் 'சி' ஆப்ஷனும் அந்தக் கணினியின் ஐபி முகவரியும் கொடுங்கள். பத்து நொடியில் விடை வரும். கோடிக்கென்றே உள்ள லிப்ரெஎலெக் இயங்குதளத்தை வைத்திருப்பவர்கள் 'நெட்வொர்க் டூல்ஸ்' ஆட்-ஆன் போட்டால் இது உடன் வரும். விண்டோஸ் ஃபயர்வால் 5201 போர்ட்டைத் தடுத்தால் இணைப்பே கிடைக்காது, அனுமதி கொடுக்க வேண்டும். கட்டளையின் கடைசியில் பெரிய எழுத்து 'ஆர்' சேர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள். அதுதான் கணினியிலிருந்து பெட்டிக்கு வரும் திசை, படம் வரும் திசையும் அதுவே. அளக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் வைஃபையை அணைத்துவிடுங்கள். பெட்டிக்குக் கேபிள் போட்டுவிட்டு, படம் இருக்கும் லேப்டாப்பை வைஃபையிலேயே விட்டு வைத்து "வயர் ஸ்லோ" என்று சொல்வது அடிக்கடி நடக்கிற கூத்து.

வருகிற எண்ணே பாதி நோயைச் சொல்லிவிடும். 940 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) அருகில் வந்தால் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பு ஒழுங்காக இருக்கிறது, கோளாறு நெட்வொர்க்கில் இல்லை. ஆடாமல் அசையாமல் 94 வந்தால் இணைப்பு 100-இல் நிற்கிறது என்று பொருள். அதையே கோப்பு நகலெடுக்கும் திரையில் பார்த்தால் நொடிக்கு 11 மெகாபைட் சொச்சம். 200-லிருந்து 300-க்குள் வந்தால் நடுவில் எங்கோ யூஎஸ்பி 2.0 இருக்கிறது. பத்துக்கும் கீழே விழுந்து ஏறி இறங்கினால், அல்லது ஒரு திசையில் நன்றாகவும் மறு திசையில் மோசமாகவும் இருந்தால், கேபிளில் பிழை அல்லது டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை (ஒரு பக்கம் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்ய, மறு பக்கம் ஒன்று முடிந்துதான் மற்றது என்றிருப்பது).

94 வந்தவர்கள் முதலில் தங்கள் கருவியின் பிறப்பைப் பார்க்க வேண்டும். ராஸ்பெரி பை 3பி வரை வந்த பி மாடல்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அதுவும் யூஎஸ்பி 2.0 பாதை வழியாகப் போவது, யூஎஸ்பியில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். 2018-இல் வந்த 3பி+ பெயருக்கு ஜிகாபிட், ஆனால் அதே யூஎஸ்பி 2.0 வழியென்பதால் 300-ஐத் தாண்டாது. 2019-இல் வந்த பை 4-இல்தான் முழு ஜிகாபிட் கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும், பெரிய விலை கொடுத்து வாங்கும் பல ஸ்மார்ட் டிவிகளிலும் இன்றைக்கும் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். அவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளைவிட வேகமாக இருப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஃபைபர் இணைப்போடு வரும் ஓஎன்டி (ஃபைபர் மோடம்) பெட்டிகள் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட் ஜிகாபிட், மற்றவை 100. எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பெட்டியின் அடியில் இருக்கும் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எட்டு போர்ட் சுவிட்ச் நடுவில் இருந்தாலும் இதே கதை. மின்கம்பி வழியே நெட்வொர்க்கைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர்களைப் பற்றி ஒரு வரி போதும்: 'ஏவி 600' என்று அச்சிட்ட பலவற்றில் போர்ட் 100-தான், மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அடாப்டரும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அதுவும் வராது.

இரு பக்கமும் ஜிகாபிட்டாக இருந்தும் 94 வருகிறதா? லினக்ஸ் பெட்டியில் 'எதெர்டூல்' கட்டளையோடு போர்ட்டின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் என்னென்ன வேகம் தெரியும், எதிர்ப் பக்கம் என்னென்ன சொல்கிறது, முடிவில் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று மூன்றும் தனித்தனியாக வரும். இருவரும் 1000 தெரியும் என்று சொல்லியும் முடிவு 100 என்றால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான், முதலில் அதையே சந்தேகியுங்கள். போர்ட்டில் எரியும் விளக்கின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

காரணம் எளிது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று கிரிம்பிங்கில் (கனெக்டரில் கம்பியை அழுத்திப் பொருத்துவதில்) சரியாகப் பிடிக்காமல் போனாலும் இரு பக்கமும் ஜிகாபிட் முயன்று தோற்று 100-க்கு இறங்கிவிடும். படம் ஓடும், பாட்டு ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய 4கே கோப்பைப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இதைவிட நயமான ஒரு தவறு இருக்கிறது. நம் ஊரில் கேபிள் இழுப்பவர்கள் பலர் வண்ணங்களை ஜோடி ஜோடியாகவே வரிசையில் அடுக்கிக் கிரிம்ப் செய்துவிடுகிறார்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் எட்டு விளக்கு டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும். "கேபிள் ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் போர்ட்டைப் பொறுத்தவரை 3-உம் 6-உம் ஒரு ஜோடி, 4-உம் 5-உம் ஒரு ஜோடி. மேலே சொன்ன அடுக்கில் 3-இல் வெள்ளைப் பச்சையும் 6-இல் நீலமும் வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று முறுக்கப்படாத கம்பிகள் ஜோடியாகப் போகின்றன. முறுக்கு இருப்பதே ஒரு ஜோடியின் சத்தம் இன்னொன்றில் ஏறாமல் இருக்கத்தான். அது போனால் பிழைகள் குவியும், வேகம் தள்ளாடும். டெஸ்டர் பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டுமே, ஜோடி பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது.

சரியான அடுக்கு, கிளிப் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெளி உறையும் கனெக்டருக்குள் நுழைந்து கவ்வலில் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிவியை ஒருமுறை நகர்த்தினாலே கம்பி தளர்ந்துவிடும். கேட் 6 வகைக் கேபிளின் கம்பி பொதுவாகக் கேட் 5இ வகையைவிடத் தடித்தது, கேட் 5இ கனெக்டரில் திணித்தால் சரியாக உட்காராது. சுவருக்குள் போகும் கேபிளை சுவரில் பதிக்கும் லேன் சாக்கெட்டான ஐஓ பாக்ஸில் பஞ்சிங் செய்து (கம்பிகளை அழுத்திச் செருகி) முடித்து, அங்கிருந்து பெட்டிக்குக் கம்பெனியில் செய்த ஒரு மீட்டர் பேட்ச் கார்டு (இணைப்புக் கேபிள்) போடுவதே நீடித்து உழைக்கும்.

கேபிளின் உலோகத்தையும் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் 'கேட் 6' என்ற அச்சோடு பாதி விலைக்குக் கிடைக்கிறது. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், நெட்வொர்க் கேபிள் தரநிலைகள் அதை ஏற்பதும் இல்லை. இரண்டு மீட்டருக்கு அது ஓடிவிடும். மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை இழுத்தால் ஓடும் என்று நம்ப முடியாது. ஒரே பிவிசி குழாயில் கரண்ட் வயரோடு சேர்த்து லேன் கேபிளை இழுப்பதும் இங்கே சகஜம். வேகத்தைவிட உயிருக்கு ஆபத்து என்பதற்காகவே அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

கேபிள் நல்லதா என்று உறுதிசெய்யச் சுருக்கு வழி: பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, நல்ல பேட்ச் கார்டால் செருகி மறுபடி அளப்பது. அங்கே 940 வந்தால் சுவருக்குள் இருப்பதுதான் நோய்.

டூப்ளெக்ஸ் கோளாறு நாமே வரவழைத்துக்கொள்வது. யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' அமைப்பை '100 ஃபுல்' என்று பூட்டுவார்கள். மறுபக்கம் ஆட்டோவில் இருக்கும். பேச்சுவார்த்தைக்குப் பதில் வராததால் அது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசி மோதல்கள் குவியும், வேகம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். இரு பக்கமும் ஆட்டோவிலேயே விடுங்கள். ஜிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயம்.

எல்லாம் மாற்றியும் வேகம் அலைந்தால், 'எதெர்டூல்' எண்ணிக்கைப் பட்டியலில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் இன்னமும் கேபிள் அல்லது போர்ட். ஏறாவிட்டால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். மினி பிசிகளில் வரும் ரியல்டெக் சிப்கள் சிலவற்றில் 'மின்சிக்கன ஈதர்நெட்' அமைப்பை அணைத்தால் விட்டு விட்டு வரும் தடங்கல் நிற்பதுண்டு. இன்டெலின் ஐ225 சிப்பின் தொடக்கப் பதிப்பில் 2.5 ஜிகாபிட்டில் கோளாறு இருந்தது, ஒரு ஜிகாபிட்டுக்கு இறக்கி வைப்பதே அதற்கு வழி.

ஐபெர்ஃப் 940 காட்டியும் படம் நின்றால், வயரை விட்டுவிட்டுக் கோப்பு வரும் வழியைப் பாருங்கள். தரவை மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாகப் படம் பார்த்தால் ஒவ்வொரு துண்டையும் பூட்டிப் பிரிக்க வேண்டும். பை 4-இல் அதற்கான வன்பொருள் உதவி இல்லை, பாரம் முழுவதும் பிராசஸர் மேல் விழும். பழைய பைகளில், கோப்புப் பகிர்வு முறைகளான இரண்டில் எஸ்எம்பியைவிட என்எஃப்எஸ் இலேசானது. மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். ஃபோன் சார்ஜரில் ஓட்டினால் திரை மூலையில் மின்னல் குறி வரும், பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கோடி' 21-இல் அமைப்புகளின் 'சர்வீசஸ்' பகுதியிலேயே கேஷ் (படத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டலாம். அது இடையில் வரும் சறுக்கலைத் தாங்குமே தவிர, சராசரி வேகமே போதாத இடத்தில் ஒன்றும் செய்யாது.

இவ்வளவும் எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. ஓடிடி செயலிகளின் 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும். முழு ப்ளூ-ரே நகலுக்கே உச்சம் 48. ஆகவே சீராக 94 வரும் வீட்டில் இவை சுற்றினால் காரணம் வேறு. 4கே ப்ளூ-ரேயின் முழு நகல் மட்டும்தான் சில காட்சிகளில் 100-ஐத் தாண்டி, 128 வரை போகக்கூடியது. அப்படிக் கோப்பு வைத்திராதவர்கள் ஜிகாபிட்டுக்காகச் சுவரை உடைக்க வேண்டாம்.

தங்கள் கேள்வி–பதில் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். இந்த வகைக் கேள்வி வந்தால், பெட்டியின் மாடல், எதெர்டூல் காட்டும் இணைப்பு வேகம், இரு திசையிலும் ஐபெர்ஃப் எண் ஆகிய மூன்றையும் வாசகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பதில் வெளியிடுங்கள். பிளான் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
வீட்டு நெட்வொர்க் பணி செய்யும் வாசகர்,
கோயம்புத்தூர்